தனபால் போட்ட காபி

என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பல்வலி என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டை ஒட்டிய கட்டடம் எங்களுடையது. கீழே பல் மருத்துவர், மாடியில் நான். ஸ்கூட்டரைப் பல் மருத்துவர் வாசலில் நிறுத்தி, துப்பட்டாவையோ கைக்குட்டையையோ முகத்தில் கட்டிக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று மாடிப்படி ஏறிவிடுவார்கள். மேலே வந்து டோக்கன் வாங்கும்போது பெயரையும் மாற்றிச் சொல்வார்கள். இருபத்தொரு வருடமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் பெயர் அகல்யா. சொந்த ஊர் திருச்செங்கோடு. சேலத்தில் எம்.பி.பி.எஸ்., சென்னையில் மனநல மருத்துவத்தில் எம்.டி. பிரசவம் பார்க்கிற டாக்டராக வருவாள் என்று நினைத்தால் பைத்தியக்கார டாக்டராக வந்து நிற்கிறாளே என்று அப்பா கடைசிவரை புலம்பினார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் நாலு பேர் என் கண்ணைப் பார்த்துப் பேசப் பயப்படுவார்கள். மனசைப் படித்துவிடுவேனாம். மனசை எவளாலும் படிக்க முடியாது. எங்கள் வேலை கேள்வி கேட்பது, பதிலைக் காது கொடுத்துக் கேட்பது, ஆளை நேரில் உட்கார வைத்துப் பார்ப்பது, அப்புறம் மருந்து எழுதுவது. இந்த நான்கில் கடைசி ஒன்றை மட்டும் நான் செய்த கதை இது.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை தனபால் வந்தார். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறவர். ஐம்பது வயது. வெள்ளை வேட்டி சட்டை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்கில்லீங்க. எம் பொண்டாட்டிக்கு. அவ வரமாட்டாளுங்க" என்றார்.

மனைவி பெயர் வள்ளியாத்தாள், வயது நாற்பத்து மூன்று. ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை. பக்கத்து வயலில் இருக்கும் கொழுந்தன் தன்னைக் கண்காணிக்கிறான் என்கிறாள். கிணற்றில் ஏதோ கலந்துவிட்டான் என்று ரோட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, அந்தக் குடத்தை அறைக்குள் வைத்துப் பூட்டுகிறாள். சமைப்பதில்லை. யாராவது ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தால் கிணற்றில் குதிப்பேன் என்கிறாள். ஒரு தடவை கிணற்றுமேட்டுக்கே போய் நின்றிருக்கிறாள். இதையெல்லாம் சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். பட்டப்பகல். வீட்டு வாசலில் ஒல்லியாக ஒரு பெண் நின்று, வானத்தைப் பார்த்து, "என்னடா பாக்கற? இன்னும் என்னடா பாக்கற?" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள்.

வீடியோவை எனக்கும் அனுப்பச் சொன்னேன். பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்படி வராத நோயாளிகளுக்கு மருந்து எழுதுவதைச் சட்டம் ஒத்துக்கொள்ளாது, பாடப் புத்தகமும் ஒத்துக்கொள்ளாது. ஆனால் கிணற்றுமேட்டில் நிற்கிறவளின் புருஷன் எதிரே உட்கார்ந்து அழும்போது புத்தகத்தை எடுத்துக் காட்டிக்கொண்டிருக்க முடியாது. நிறமோ வாசனையோ இல்லாத சொட்டு மருந்து இருக்கிறது. சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாம். என்னைப் போன்ற பலரும் செய்கிற காரியம்தான், யாரும் வெளியே பேசுவதில்லை. அப்படித் தேறி, பின்னால் தானாகவே மாடிப்படி ஏறி வந்தவர்களும் எனக்கு உண்டு.

"காலைக் காபியில் கலந்திருங்க. டிராப்பரில் ஒரு கோடு. ஒரு நாள்கூட விடக் கூடாது. யாரையும் நம்பாதீங்க, நீங்களே காபி போட்டு உங்க கையால் கொடுங்க" என்றேன்.

தனபால் விழித்தார். "நானுங்களா? காபிங்களா?"

மனிதருக்கு அடுப்பு பற்ற வைக்கவே தெரியாது. என் வரவேற்பறையில் இருக்கும் ஜோதிதான் அவரைக் கிளினிக் பின்கட்டில் இருக்கும் சமையல் மேடைக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக் கொடுத்தாள். பதினான்கு வருடமாக என்னோடு இருக்கிறவள். மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே, ஒரு டம்ளர் பால், ஒரு ஸ்பூன் தூள், ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை என்று எழுதியும் கொடுத்தாள். அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மாதத்தில் பலன் தெரிந்தது. தூங்குகிறாள் என்றார். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறாள், சமைக்கிறாள், கொடிக்காலுக்கு வந்து வெற்றிலை கிள்ளுகிறாள் என்றார். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் புதன்கிழமை நாமக்கல்லில் பஸ் மாறி வந்துவிடுவார். ஜோதியின் அம்மாவுக்கு ஒரு கவுளி வெற்றிலை கொண்டுவருவார். நானும் கோப்பில் ஒவ்வொரு மாதமும் ஒரே வரியை எழுதுவேன்: நோயாளி வரவில்லை, கணவர் சொல்படி முன்னேற்றம்.

ஒரே ஒரு முறை தவறினார். போன ஆடியில் காவிரியில் வெள்ளம் வந்து கொடிக்காலுக்குள் தண்ணீர் புகுந்தபோது வர முடியவில்லை. ஒன்பது நாள் கழித்து வந்தார். பாட்டில் தீர்ந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது என்று சொன்னதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அதையும் கோப்பில் எழுதி வைத்தேன்.

இன்னொரு முறை, ஒரு நாள் காலையில் மோட்டார் ரூமிலேயே அசந்து தூங்கிவிட்டதாகச் சொன்னார். மதியம்வரை மோட்டார் ஓடி ஒரு பாத்தி முழுக்கத் தண்ணீர் கட்டிக்கொண்டதாம். "சுகர் பார்த்துக்குங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நான்காவது டோக்கன். ராமாயி, நாமக்கல் என்று ஜோதி எழுதியிருந்தாள். உள்ளே வந்தவள் நல்ல சதைப்பற்றான பெண். தலையை வழித்துச் சீவி, இளம்பிள்ளைச் சேலை ஒன்றைப் பின் குத்திக் கட்டியிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். கூட யாருமில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, ஒருத்தருக்குப் பைத்தியம் இருக்குதா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லிருவீங்களா?"

"யாருக்கும்மா?"

"எனக்குத்தானுங்க. இல்லைன்னா இல்லைன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க. என்ற பொண்ணு கோயம்புத்தூருல படிக்கறா. நான் என்ன சொன்னாலும், அம்மா நீ சும்மா இரு, அப்பா சொல்றதக் கேளுங்கறா. அவகிட்டக் காட்டோணும்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எங்க ஊட்டுக்காரரு எனக்குக் குடுக்கற காபியில என்னமோ கலக்கறாருங்க."

புருஷன் விஷம் வைக்கிறான், மருமகள் மந்திரிக்கிறாள் என்று வாரத்துக்கு மூன்று பேராவது என்னிடம் சொல்வார்கள். நான் சலிப்பில்லாமல் பேனாவைத் திறந்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "கலக்கறதைப் பார்த்தீங்களா?"

"இல்லீங்க. ஆனா அவரு காபி போடறாருங்களே, அதுவே போதாதுங்களா?"

"புரியலை."

"கல்யாணமாயி இருவத்திரண்டு வருசமுங்க. ஒரு நாளு அடுப்படிக்கு வந்ததில்ல. தண்ணி வேணும்னாக்கூட உக்காந்த எடத்துலருந்து சொம்பத் தட்டுவாரு. அந்த மனுசன் திடீர்னு ஒரு நாளு விடியக்காலம் எந்திரிச்சுக் காபி போட்டுக் கொண்டாந்து, குடி சாமின்னு கையில குடுத்தாருங்க. பாலு பொங்கி அடுப்பெல்லாம் ஒரே நாசம். சர்க்கரை எச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னனுங்க. கொடுத்து வெச்சவடி நீயின்னா. தெனமும் போட்டாருங்க. ரெண்டு மாசம் அப்படிச் சந்தோசமா இருந்தனுங்க. அப்பறந்தான் ரோசனை வந்துச்சு. கொடிக்காலே கதின்னு கெடக்கற ஆளு, வேற ஒரு வேலையும் செய்யாம, காபி மட்டும் எதுக்குப் போடறாரு?"

பேனா என் கையில் நின்றுவிட்டது.

"எந்த ஊரும்மா நீங்க? நாமக்கல்லா?"

"அது சும்மா சொன்னதுங்க. பரமத்தி வேலூரு. எம் பேரும் ராமாயி இல்லீங்க."

அவள் உண்மைப் பெயரைச் சொல்வதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றரை வருடமாக நான் வைத்தியம் பார்க்கும் நோயாளியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். வீடியோவில் இருந்த ஒல்லிப் பெண்ணை இவளுக்குள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எனக்கு முதலில் என் மேலேயே எரிச்சல் வந்தது. நான் திருச்செங்கோட்டில் பிறந்தவள். என் அப்பா சமையலறைக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்து ஆம்பிளை ஒருவன் திடீரென்று ஒரு நாள் பெண்டாட்டிக்குக் காபி போட்டுக் கொடுத்தால், புத்தி தெளிவாக இருக்கிறவளுக்குத்தான் முதலில் சந்தேகம் வரும். பெரிய படிப்புப் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

அவள் சொல்லிக்கொண்டே போனாள். "ஒரு நாளு அவரு செருப்பு மாட்டப் போனப்ப, ரெண்டு டம்ளரையும் மாத்தி வெச்சுட்டனுங்க. எங்காபிய அவரு குடிச்சாரு. மோட்டார் ரூமுல போயி விழுந்தவரு மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கல. ஒரு பாத்தி வெத்தலை அழுகிப் போச்சுங்க. டாக்டரு சுகர் பாக்கச் சொன்னாருன்னு போயி ரத்தங் குடுத்துட்டு வந்தாரு."

அந்த டாக்டர் நான்தான். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இத்தோட போச்சுன்னா நான் வந்திருக்க மாட்டனுங்க" என்று அந்த ஃபைலைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். "ஒரு வருசமா மாசமாசம் வர்றது நின்னு போச்சுங்க. ஒடம்பு வேற ஊதிப்போச்சு. அதுகூடப் பரவால்ல..." குரலைத் தாழ்த்தினாள். "பாலு வருதுங்க. எம் பொண்ணு காலேஜிக்குப் போறா, எனக்குப் பாலு வருது. வெளிய சொல்ல முடியுங்களா? நாமக்கல்லுல ஒரு டாக்டரம்மாகிட்டப் போனனுங்க. மனசுக்கு ஏதாச்சும் மருந்து எடுக்கறீங்களான்னு கேட்டாங்க. இல்லீங்கன்னேன். அப்படின்னா தலைக்குள்ள கட்டி இருக்கும்போல, திங்கக்கெழம ஸ்கேன் பாத்துரலாம்னுட்டாங்க."

ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்தேன். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இருக்க வேண்டிய அளவைப் போல ஐந்து மடங்கு. என் சொட்டு மருந்து சில பெண்களுக்குச் செய்யும் வேலைதான் அது. எதிரே உட்கார்ந்திருந்தால் முதல் ஆறு மாதத்துக்குள் கேட்டிருப்பேன். தனபாலிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. பன்னிரண்டு மாதம் இந்தப் பெண் இதை ரவிக்கைக்குள் மறைத்துக்கொண்டு வெற்றிலை கிள்ளியிருக்கிறாள்.

அப்படியென்றால் ஆரம்பத்திலாவது இவளுக்கு நோய் இருந்ததா? அதையாவது உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "உங்க கொழுந்தனுக்கும் உங்களுக்கும் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டேன்.

"கம்பத்துல கேமரா வெச்சானுங்க. வெத்தலை திருட்டுப் போவுதாம். வெத்தலை இருக்கறது கெழக்க. கேமரா பாக்கறது என்ற வாசல. நான் துணி தொவைக்கறது, குளிச்சுட்டு வாரது எல்லாம் அவன் போனுல தெரியும். இவருகிட்டச் சொன்னா, தம்பி அப்படியெல்லாம் செய்ய மாட்டான், உனக்குத்தான் சந்தேகம்னாரு."

மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு பழைய வீடியோவைத் தேடி எடுத்தேன். சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டினேன். ஓரத்தில் வேலிக்கு அப்பால் ஒரு கம்பம். அதன் உச்சியில் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி. பத்துத் தடவை பார்த்தும் என் கண்ணில் படாத பெட்டி. அவள் வானத்தைப் பார்த்துக் கத்தவில்லை.

கேமரா உண்மை. காபியும் உண்மை. ஆனால் கிணற்றுத் தண்ணீர்? பூட்டிய குடம்? தூங்காத ஆறு மாதம்? கிணற்றுமேடு? இதையெல்லாம் தனபால் இட்டுக்கட்டியிருப்பாரா? அந்த அழுகை பொய்யா? அவளிடமே கேட்கலாம் என்றால், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். இதோ எதிரே தெளிவாக உட்கார்ந்து பேசுகிறாள். இந்தத் தெளிவு என் மருந்து கொடுத்ததா, இவளுக்கு எப்போதும் இருந்ததா? மருந்தால் வந்த தெளிவு என்றால், நிறுத்தினால் மறுபடியும் கிணற்றுமேட்டுக்குப் போவாள். எப்போதும் இருந்தது என்றால், கேமராவைப் பார்த்துக் கோபப்பட்ட ஒரு பெண்ணுக்கு ஒன்றரை வருடம் மருந்து ஊற்றி வாயடைத்திருக்கிறேன். எது என்று கண்டுபிடிக்க வேண்டிய தடயத்தையெல்லாம் அந்த மருந்தே அழித்துவிட்டது. இருபத்தொரு வருடத்தில் இப்படி ஒரு குழப்பத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

"சொல்லுங்க டாக்டரம்மா. ஒண்ணு காபியில ஏதோ இருக்கோணும். இல்லைன்னா எனக்குப் பைத்தியமா இருக்கோணும். ரெண்டுல ஒண்ணுதானுங்களே?"

தப்பிக்க வழி இருந்தது. சுலபமான வழி. 'ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாம்மா, இது வயதுக் கோளாறு' என்று சொல்லி அனுப்பிவிட்டு, தனபாலுக்குப் போன் செய்து மருந்தை நிறுத்தச் சொன்னால் போதும். கொஞ்ச நாளில் பால் நிற்கும், மற்றதும் சரியாகும், யாருக்கும் எதுவும் தெரியாது. என் பெயருக்கும் என் பதிவுக்கும் ஒரு கேடும் வராது. வாயையும் திறந்துவிட்டேன். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். நான் எதைச் சொன்னாலும் சரி என்று எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது அது. எனக்குப் பயமாக இருந்தது.

"காபியில மருந்து இருக்குதும்மா. எழுதிக் கொடுத்தது நான்தான்" என்றேன்.

அவள் கத்தவில்லை. ஃபைலின் கடைசி உறைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்து வைத்தாள். என் மருந்துச் சீட்டு. என் கையெழுத்தில் வள்ளியாத்தாள், நாற்பத்து மூன்று. திருப்பினால் ஜோதியின் கையெழுத்தில் ஒரு டம்ளர் பால், ஒரு ஸ்பூன் தூள், ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை.

"அவரு எக்ஸெல் வண்டிப் பையில இருந்துச்சுங்க. ரெண்டு மாசமாச்சு" என்றாள்.

"தெரிஞ்சுக்கிட்டா வந்தீங்க? அப்புறம் எதுக்கு என்கிட்டக் கேட்டீங்க?"

"கண்ணுல பாத்தும் நம்ப முடியலீங்க. உனக்குச் சந்தேகம், உனக்குச் சந்தேகம்னு எல்லாருஞ் சொல்லிச் சொல்லி, இந்தச் சீட்டே நெசமா, இல்ல எனக்கு மட்டும் இப்படித் தெரியுதான்னு ஆயிப்போச்சு. நாமக்கல் டாக்டரம்மாகிட்டயும் அதான் இல்லீங்கன்னேன். நீங்க வாயில சொன்னாத்தான் நெசம்னு வந்தனுங்க. இல்லைன்னு சொல்லியிருந்தீங்கன்னா, எனக்குப் பைத்தியந்தான்னு ஒத்துக்கிட்டுப் போயிருப்பனுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோயாளி முன்னால் அழக் கூடாது என்று பயிற்சியில் சொல்லித் தருவார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தப்பு என்னோடதும்மா. உங்களைப் பார்க்காம நான் எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. முகம் தெளிந்து, கொஞ்சம் சிரிப்பும் வந்திருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப மத்ததும் நெசந்தானுங்களே?"

"எது?"

"கம்பத்துலருந்து பேசுவானுங்களே ஒருத்தன். வள்ளீ, வள்ளீன்னு. எங்கப்பன் கூப்புடற மாதிரியே இழுத்துக் கூப்புடுவான். எங்கப்பன் செத்துப் பன்னண்டு வருசம். இப்பக் கொஞ்ச நாளாப் பேசறதில்லீங்க. அதும் நெசந்தானுங்களே?"

இதோ நோய், கையும் களவுமாக அகப்பட்டது என்று என் படிப்பு சொன்னது. உடனே இன்னொன்றும் தோன்றியது. இப்போது விற்கும் கேமராக்களில் போனிலிருந்தே பேசலாம். அந்தக் கொழுந்தன் இவளைச் சீண்டுவதற்காகக் கூப்பிட்டிருக்கலாம். வள்ளி என்று ஊரே கூப்பிடும் பெயர்தானே? உண்மையைச் சொன்னால் எல்லாம் வெளிச்சமாகிவிடும் என்று நினைத்தேன். முன்னைவிட இருட்டாக இருந்தது.

"தெரியலைங்கம்மா" என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியலை."

நான் சொன்னதிலேயே அவளுக்குப் பிடித்த பதில் அதுதான்போல. "செரி விடுங்க. தெரியலைன்னு இதுவரைக்கும் யாருஞ் சொன்னதில்ல. எல்லாரும் தெரியும் தெரியும்னுதான் சொன்னாங்க" என்றாள்.

லெட்டர்பேடை எடுத்து எழுதினேன். இன்ன தேதியிலிருந்து இன்ன மருந்தை, இவரைப் பார்க்காமலும் இவருக்குத் தெரியாமலும் கொடுக்கச் சொன்னது நான். ரத்தத்தில் தெரியும் மாற்றத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று நாமக்கல் டாக்டருக்கு ஒரு கடிதம். அதே வாசகத்தில் அவள் மகளுக்குக் காட்ட இன்னொன்று. இரண்டிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். இதை யாராவது புகாராகக் கொண்டுபோனால் என் கதி என்ன என்று எனக்குத் தெரியும். மருந்தை எப்படிக் குறைப்பது, ஆறு வாரம் கழித்து எப்படி ரத்தம் பார்ப்பது, அப்போதும் குறையவில்லை என்றால் மட்டும் ஸ்கேன் என்று விளக்கினேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என் எதிரே வந்து உட்கார வேண்டும், அந்தக் குரல் மறுபடியும் கூப்பிட்டால் அன்றைக்கே வர வேண்டும் என்றேன். தனபாலிடம் நானே பேசுகிறேன் என்றேன். இனிமேல் டிராப்பர் அவள் கையில்தான் இருக்கும் என்றேன்.

அவள் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "பைத்தியம் இல்லைன்னு எழுதலீங்களே?"

"இருக்குன்னும் எழுதலை."

தலையை ஆட்டிக்கொண்டு காகிதங்களை ஃபைலுக்குள் வைத்தாள். எழுந்தவள் போகவில்லை. எனக்குத் திடீரென்று ஒரு கேள்வி வந்தது. "சீட்டைப் பார்த்து ரெண்டு மாசம் ஆச்சுங்கறீங்க. இந்த ரெண்டு மாசமும் அந்தக் காபியை என்ன பண்ணீங்க?"

"குடிச்சனுங்க."

"மருந்துன்னு தெரிஞ்சுமா?"

"குடிக்கலைன்னா போடறத நிறுத்திருவாருங்களே."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை நேராகப் பேசியவள் இப்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணு கேக்கறனுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் அத்தனை நாளும் போட்டாருங்களா? நடுவுல ஒரு நாளாச்சும் சும்மா, எனக்குன்னு போட்டிருப்பாருங்களா?"

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? ஒரு நாள்கூட விடக் கூடாது என்று அவரை மிரட்டி வைத்தவளே நான்தான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது ஆடி மாத வெள்ளம் நினைவுக்கு வந்தது. ஜோதியைக் கூப்பிட்டுக் கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். நான் கோபத்தில் கொட்டை எழுத்தில் எழுதிய வரி அப்படியே இருந்தது: ஒன்பது நாள் மருந்து இல்லை.

"போன ஆடியில ஆத்துல தண்ணி வந்துச்சே, அப்ப உங்களுக்குக் காபி வந்துச்சா?"

"வந்துச்சுங்களே. கொடிக்கால் பூரா தண்ணி. பால்காரன் வரல. எங்கியோ போயி மொழங்கால் தண்ணியில நடந்து பாலு வாங்கியாந்து போட்டாருங்க. ஒரு நாளும் நிக்கல."

"அந்த ஒன்பது நாளும் அவர்கிட்ட மருந்து இல்லைம்மா. பாட்டில் காலி."

அவள் கோப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வழக்கம் தவறினால் மனைவிக்குச் சந்தேகம் வரும் என்று பயந்துதான் தனபால் அந்தத் தண்ணீரில் நடந்தாரா, அல்லது வேறு காரணமா? அவரைக் கேட்டால் அவருக்கே தெரியுமோ என்னவோ. எனக்குத் தெரியாது. நோய் இருந்ததா இல்லையா என்ற என் கேள்விக்கு அந்த ஒன்பது நாள் போதாது. மருந்து நின்ற பிறகு நோய் திரும்பி வரவே அதைவிட அதிக நாள் ஆகலாம். அவளுடைய கேள்விக்கு அது போதும்போல இருந்தது.

"ஒம்போது நாளுங்களா?"

"ஒன்பது நாள்."

"பாலுக்கு அத்தாந்தூரம் போனாரே, மனுசன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அவரத் திட்டாதீங்க டாக்டரம்மா. நானே சொல்லிக்கறேன். நாளைக்குக் காபிய எம் முன்னாடி வெச்சே போடச் சொல்றேன். சர்க்கரைய மட்டும் கொறைக்கச் சொல்லோணும். வாரேனுங்க."

படியிறங்கிப் போகும்போது அவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. ஜோதி ஐந்தாவது டோக்கனை உள்ளே அனுப்பட்டுமா என்று கேட்டாள். கொஞ்சம் பொறு என்றேன். வீட்டை விட்டு வராத நோயாளிகளின் கோப்புகள் இன்னும் முப்பத்திரண்டு இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் வைக்கச் சொன்னேன்.